ஆராய்ச்சி மாணவரும் உபகாரச் சம்பளமும்

பட்டப் படிப்பை நன்முறையில் முடித்த பிள்ளையொருவன், "யான் இன்னும் சில ஆண்டு ஆராய்ச்சி செய்ய விழைகின்றேன்" என்று கூறுமிடத்து, நம்மவர் இல்லங்களிற் பெரும்பாலும் எழும் வினா ஒன்றே: "இன்னும் எத்தனை ஆண்டு உனக்குச் சோறிடுவது?" மரக்காணத்து உப்பளங்களிற் பகலெல்லாம் கால் வெந்து நிற்கும் தந்தையும், குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்புகளிற் கொட்டை பொறுக்கிக் கை கறுத்த தாயும் அங்ஙனம் வினவுதல் குற்றமன்று. ஆயின் அவ்வினாவினுள் ஒரு தவறான எண்ணம் மறைந்து கிடக்கின்றது. ஆராய்ச்சி என்பது வீட்டுப் பொருளைச் செலவிட்டுச் செய்வதோர் ஆடம்பரம் என்பதே அது. ஆராய்ச்சி மாணாக்கனுக்கு மாதந்தோறும் பொருளளித்துப் புரக்கும் முறை நம் நாட்டில் வேரூன்றி நூறாண்டுக்கு மேலாயிற்று. அதனை முன்னையோர் உபகாரச் சம்பளம் என்றனர். இக்காலத்தார் உதவித்தொகை என்பர். அதன் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதலாயினேன்.

கற்பார்க்கு ஊணளித்தல் நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊர்க் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. ஆங்கு நடைபெற்ற கல்லூரியில் இளைய மாணவர் 270 பேரும், மேற்படிப்பு மாணவர் 70 பேரும் இருந்தனர் என்றும், இளையார்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மேற்படிப்பார்க்கு ஒரு குறுணி இரு நாழி நெல்லும் அளக்கப்பட்டன என்றும் அக்கல்வெட்டுக் கூறும். குறுணி என்பது 8 நாழி; ஆகவே மேற்படிப்பான் ஒருவன் பெற்றது 10 நாழி. மேலே செல்லச் செல்லப் படியும் மிகுதல் வேண்டும் என்னும் முறையை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒருவர் எண்ணி வகுத்திருக்கின்றனர் என்பது வியத்தற்குரியது. புதுச்சேரியை அடுத்த திருபுவனையிலும் இத்தகைய கல்லூரியொன்று 260 மாணவரொடும் 12 ஆசிரியரொடும் விளங்கிற்று. ஆயினும் அவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் பயிற்றிய இடங்கள். அவற்றின் வாயிலில் நம் முன்னோர் மாணாக்கராய் நின்றார் என்பதற்குச் சான்று யாதுமில்லை. நெல் இருந்தது, படியளப்பாரும் இருந்தனர், வழிதான் எல்லார்க்கும் திறக்கவில்லை. இதனை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

நம் காலத்து முறை எவ்வாறு தொடங்கிற்று என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமாநுசன் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை. அவர் பெருமை எல்லாரும் அறிந்ததே. அவர் உண்டதும் உடுத்ததும் யார் கொடுத்த பொருளால் என்பதனை அறிந்தார் சிலர்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-இல் உயர்நிலைப் பள்ளியைப் பரிசுடன் முடித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்தார். கணக்கைத் தவிர ஏனைப் பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளம் பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எழுதிய எப்.ஏ. தேர்விலும் தவறினார். 1909-இல் திருமணமும் ஆயிற்று. பட்டமில்லை; பொருளில்லை; கையில் இருந்தவை கணக்குக் குறித்த நோட்டுப் புத்தகங்களே.

இந்நிலையில் 1910-இல் அவர் வேலை தேடி வந்த ஊர் எது? பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருக்கோவலூர். ஆங்கு உதவிக் கலெக்டராக இருந்தவர் இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். இராமாநுசன் அவர்பால் வேண்டியது ஓர் எழுத்தர் வேலையே. அவரோ நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இத்தகைய அறிவைத் தாலூகாக் கச்சேரியின் அடிப்படியில் அமுக்கிவிடத் தமக்கு மனமில்லை என்று கருதி, வேலை கொடாது, சென்னையிலுள்ள நண்பர்க்குக் கடிதங் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுத்தலும் உதவியே. ஆயின் அன்று கொடாமையே பேருதவியாயிற்று.

அக்கடிதம் சென்னையிற் சேஷு ஐயர் என்னும் கணித ஆசிரியரிடம் அவரைச் சேர்த்தது. சேஷு ஐயர் எழுதிய கடிதம் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் சேர்த்தது. இராமாநுசன் அவரிடம் கேட்டது உயிர் வாழ்தற்கு வேண்டிய சிறு பொருளும் ஆராய்தற்கு வேண்டிய ஓய்வுமே. இராமச்சந்திர ராவ் தம் கைப்பொருளினின்று மாதம் 25 ரூபாய் அளித்து வந்தார். எனினும் தனியொருவர் தயவில் நெடுநாள் வாழ்தல் மானமுடையார்க்கு இயலுவதன்று. ஆதலின் இராமாநுசன் 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராய் அமர்ந்தார். அலுவலகத் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங்கும், கணிதம் வல்ல நாராயண ஐயரும் அவரை ஆதரித்தனர். அவ்வெழுத்தர் இருக்கையினின்றே 1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் விடுத்தார்.

இனி நிகழ்ந்ததே நம் கட்டுரைக்கு உயிர்நிலை. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்திருந்தார். ஸ்பிரிங் துரை இராமாநுசனின் கணக்குகளை அவரிடம் காட்டினார். வாக்கர் பிப்ரவரி 26-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு எழுதினார்: இவ்விளைஞர் சில ஆண்டேனும் பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்திற் காலம் போக்கப் பல்கலைக்கழகம் உதவுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. கணிதப் பாடக் குழுவும் அதனை ஆதரித்தது. ஆனால் ஒரு தடை. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றார்க்கே உரியது, இவரோ எப்.ஏ.யும் தேறாதவர். விதியில் இடமில்லை. அப்பொழுது பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர் விதியை விடுத்து, விதிக்குத் தாயாகிய சட்டத்தை நோக்கினர். ஆராய்ச்சியை வளர்த்தல் பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்று எனச் சட்டங் கூறுதலால், ஆளுநர் இசைவு பெற்றுத் தனிச் சம்பளம் அளிக்கலாம் எனத் துணிந்தனர். 1913-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் தொடங்கி, ஈராண்டுக்கு, மாதம் 75 ரூபாய். எழுத்தராய்ப் பெற்றதன் இரண்டரை மடங்கு அது. மூன்று திங்கட்கு ஒருமுறை ஆராய்ச்சிக் குறிப்பு விடுத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. இராமாநுசன் மூன்று குறிப்புகள் விடுத்தார். அடுத்தது எழுதுமுன் கப்பலேறிவிட்டார்.

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபொழுது சென்னைப் பல்கலைக்கழகம் அளித்தது ஆண்டுக்கு 250 பவுன். அதனுள் 50 பவுன் ஈண்டுள்ள குடும்பத்தார்க்கென ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி மேலும் 60 பவுன் தந்தது. ஆராயச் சென்ற மகன் வீட்டுக்குச் சுமையாகாது, வீட்டைத் தாங்குவோனாயினான் என்பதனை ஈண்டுள்ள தாய்தந்தையர் உற்றுநோக்குவாராக. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும், டிரினிட்டியின் பெலோ என்னும் பதவியும் அவர்க்குக் கிடைத்தன. சென்னைப் பல்கலைக்கழகமும் 1919 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. அச்செய்தி கேட்ட இராமாநுசன் நோய்ப் படுக்கையினின்று 1919 சனவரி 11-ஆம் நாள் பதிவாளர்க்கு எழுதிய விடை போற்றற்குரியது. இத்தொகை தமக்கு வேண்டுவதினும் மிகுதி. பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்து, தம் செலவு போக எஞ்சியதனை ஏழைப் பிள்ளைகளும் அனாதைகளும் பள்ளிச் சம்பளச் சலுகை பெறவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுக என்பதாம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவர் காலமானார். மனைவியார் சானகியம்மாள் பல்கலைக்கழகம் தந்த மாதம் 20 ரூபாயோடு, தையல் தைத்தும் வாழ்ந்து, 1994 வரை இருந்தார். மேதைக்குக் கொடுத்த கை, மேதையின் மனையாளிடத்து இத்துணைச் சுருங்கியிருக்க வேண்டுவதில்லை என்பது என் கருத்து.

அதே 1913-ஆம் ஆண்டில், சாதிக் கொடுமையால் அடியில் அமுக்கப்பட்ட குடியிற் பிறந்த மற்றோர் இளைஞரும் உபகாரச் சம்பளத்தால் கடல் கடந்தார். அவர் பீமராவ் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாசிராவ் கெயிக்வாட் அளித்தது மாதம் 11 பவுன் 10 ஷில்லிங், மூன்றாண்டுக்கு. அது கொண்டு அவர் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் ஆராய்ந்தார். இந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த கைக்கு எழுதுகோல் வாங்கிக் கொடுத்ததில் அச்சிறு தொகைக்கும் பங்குண்டு.

இவ்விரு வரலாறும் ஒன்றனை உணர்த்தும். இராமாநுசனின் அறிவு திருக்கோவலூரிலும் அதுவே, கேம்பிரிட்ஜிலும் அதுவே. இடையில் நின்றவை கடிதங்கள். இராமசாமி ஐயர் சேஷு ஐயர்க்கும், சேஷு ஐயர் இராமச்சந்திர ராவுக்கும், வாக்கர் பதிவாளர்க்கும் எழுதினர். அறிந்தவர் அறியாதவனைக் கையைப் பிடித்து அடுத்த வாயிலிற் கொண்டு நிறுத்தினர். அக்காலத்து அக்கடிதங்கள் பெரும்பாலும் கல்வியும் பதவியும் முன்னரே வாய்ந்த ஒரு வட்டத்தினுள் ஓடின என்பதனையும் மறைத்தற்கில்லை. இதற்காக அவர்களைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. நம் வட்டத்தினுள் அத்தகைய கடிதம் ஓடவில்லையே என்பதுதான் கவலை.

தமிழில் இதற்கென ஒரு நூல்வகையே உண்டு. பரிசில் பெற்றான் ஒருவன், பெறாதானை எதிர்ப்பட்டு, இன்ன வழியிற் சென்று இன்னாரைக் கண்டால் இன்னது பெறுவாய் எனக் கூறுவது ஆற்றுப்படை. அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை நம் நிலத்துக்கே உரியது. அதன் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய கிடங்கில் இன்றைத் திண்டிவனத்தின் பகுதி. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணம் என்பர் ஆராய்ச்சியாளர். வள்ளல் எங்கே உளன் என அறிவித்தலும் வள்ளன்மைக்கு ஒப்பாகும் என நம் கடற்கரையார் பண்டே அறிந்திருந்தனர்.

வழிகாட்டுவாரும் பொருளும் இல்லாவிடத்து யாது நிகழும் என்பதற்குச் சர். சி. வி. இராமன் வரலாறு சான்று. 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த அவர்க்கு ஆராய்ச்சியாற் பிழைக்கும் வழி காணப்படவில்லை. ஆதலின் நிதித் துறைத் தேர்வெழுதிக் கல்கத்தாவிற் கணக்காயர் அலுவலகம் புகுந்தார். பத்தாண்டு காலம் அலுவலகம் திறக்குமுன்னும் மூடிய பின்னும் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஓடினார். 1917-இல் ஊதியம் குறைவென்று அறிந்தும் பேராசிரியர் பதவியை ஏற்றார். அவர் உடன்பிறந்தார் மகன் சந்திரசேகர் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. மாநிலக் கல்லூரியில் 1930 சூனில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார், அடுத்த திங்களே இந்திய அரசினரின் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். இருவரும் நோபெல் பரிசு பெற்றவரே. எனினும் சிறிய தந்தை கணக்கேட்டிற் கழித்த பத்தாண்டு மகனுக்கு மிச்சமாயிற்று.

நம் பெண்மக்கட்கு இரு வரலாறு கூறுவேன். தலைச்சேரியிற் பிறந்து 1921-இல் மாநிலக் கல்லூரியிற் பயிர்நூல் ஆனர்ஸ் முடித்த சானகி அம்மாள், ஆசியப் பெண்டிர்க்கென 1917-இல் ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளத்தால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் அறிவியற் பேரறிஞர் பட்டம் பெற்றார். பின்னாளிற் கரும்பினத்தை ஆராய்ந்து புகழ் எய்தினார்.

மற்றவர் அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டிற் பிறந்தவர். எட்டாம் பிறந்த நாளில் வீட்டார் வழக்கப்படி வைரத் தோடு அளிக்க, அதனை வேண்டாது கலைக்களஞ்சிய நூற்றொகுதி கேட்டு வாங்கிக்கொண்ட பெண் இவர். மாநிலக் கல்லூரியில் 1939-இல் ஆனர்ஸ் முடித்து, அடுத்த ஆண்டு உபகாரச் சம்பளம் பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் இராமனிடம் ஆராயச் சென்றார். ஆராய்ந்த பொருள் யாது தெரியுமோ? தோட்டில் வேண்டாமென்ற அவ்வைரமே, மாணிக்கமும் உடன். ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டு, 1945-இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடும் விடுத்தார். அதனை ஏற்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. பட்டமில்லை எனக் கூறி அவர்க்குப் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் தேறியதும், அத்தகுதி நோக்கியே ஆராய்ச்சிச் சம்பளம் அளிக்கப்பட்டதும் கருதப்படவில்லை. 1913-இல் விதியைத் தாண்டிச் சட்டத்தை நோக்கிய கண், 1945-இல் விதியோடு நின்றுவிட்டது. அன்னா மாணி சோர்ந்தாரல்லர். அரசினர் சம்பளம் பெற்று இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்து, அக்கருவிகளை இந்நாட்டிலேயே செய்தற்கு வழிகோலினார். முனைவர் என்னும் அடைமொழி இன்றியே 2001-இல் மறைந்தார்.

தமிழ் படித்தார்க்கு இவை எட்டா என்பார்க்கு டாக்டர் மு. வரதராசனாரை நினைவூட்டுவேன். திருப்பத்தூர்த் தாலூகாக் கச்சேரியில் எழுத்தராயிருந்தவர். தனியே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதல்வராய்த் தேறித் திருப்பனந்தாள் மடத்தார் அளித்த 1000 ரூபாய்ப் பரிசு பெற்றார். 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். மடத்துப் பொருள் ஒரு கச்சேரி எழுத்தரிடம் போய்ச் சேர்ந்தமையால் விளைந்த பயன் இது.

இனி இற்றை நிலை கூறுவேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் சார்பில் நடத்தப்பெறும் தேசியத் தகுதித் தேர்வில் (மக்கள் வழக்கில் நெட் தேர்வு) உயர்நிலையில் தேறினோர் ஜே.ஆர்.எப். என்னும் இளநிலை ஆராய்ச்சிச் சம்பளம் பெறுவர். 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். ஈராண்டின் பின் முதுநிலையில் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி வேறு. தமிழும் அத்தேர்வுக்குரிய பாடங்களுள் ஒன்று. ஆராய்ச்சிச் சம்பளத்துக்கு வயது வரம்பு 30. பெண்டிர்க்கும் பிற்பட்ட, பட்டியல் வகுப்பார்க்கும் ஐந்தாண்டு தளர்வுண்டு. முதல் தாள் 50 வினா. அஃது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைதலால் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். இரண்டாம் தாள் பாடத்துக்குரிய 100 வினா; தமிழ் எடுத்தார்க்குத் தமிழிலேயே. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலின் ஒரு வினாவையும் விடாது எழுதல் வேண்டும். பிற்பட்ட வகுப்பார்க்கும் பட்டியல் வகுப்பார்க்கும் எனத் தனித்தனித் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையும் உள. நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தில் நூற்றுக்கு 75 பெற்றார் முதுகலை இன்றியே முனைவர் ஆராய்ச்சியிற் புகலாம் என 2022-இல் விதி வந்துள்ளது. அன்னா மாணிக்கு மறுக்கப்பட்டது இன்று விதியாயிற்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிற் பெரும்பாலானவை மூன்றாண்டுப் பட்டமே தருதலின், நம்மவர் முதுகலை முடித்துப் புகுதலே நேர்வழி.

இடமும் சேய்மையில் இல்லை. குயிலாப்பாளையத்தினின்று சில கல் தொலைவிலே, காலாப்பட்டில், 1985-இல் எழுந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உளது. தமிழ்த் துறையும் ஆங்குண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச் சுவடிகள் உள்ளன. தேவாரத்தை ஆராய்ந்து பதிப்பித்த வித்துவான் தி. வே. கோபாலையர் அந்நகரில் இருந்துதான் அப்பணியை ஆற்றினார். சென்னையிற் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் உளது. நம் ஊர்ப் பிள்ளைகள் இவற்றின் மதிலோரமாய்ப் பேருந்தில் நாள்தோறும் போகின்றனர். உள்ளே யார்க்கு யாது அளிக்கின்றனர் என வினவினார் மிகச் சிலர்.

நெட் தேர்வு பொதுவாகச் சூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். விண்ணப்பம் அதற்குச் சில வாரம் முன்னரே முடிவுறும். பிற்பட்ட வகுப்பார்க்குரிய சலுகை கோருவோர் சாதிச் சான்றும், மேல்தட்டினர் அல்லர் என்னும் சான்றும் முன்னதாகவே வாங்கி வைத்தல் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அவை ஒரு நாளிற் கிடைப்பனவல்ல. நம் குலத்துள் இச்சம்பளம் பெற்று ஆராய்பவர் எவரேனும் இருப்பின், எத்தேர்வெழுதினர், எந்நூல்களைப் பயின்றனர், எவ்வாசிரியரிடம் சேர்ந்தனர் என ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு விடுப்பாராக. அடுத்த திங்கள் இதழில் அவற்றை வரிசைப்படுத்தி வெளியிட விழைகின்றேன்.